பதில் கொடுக்க வேண்டாம்

மூன்று நாள் காயவைத்த செற் இன்னும் நனைந்திருந்தது.

நிருஜா அதைத் துணியால் துடைத்தாள். கவிழ்த்துப் பிடித்து உதறினாள். மேசையில் நாலைந்து துளி விழுந்தது. ஒரு துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்த பிறகுதான் ஏன் வைத்தோம் என்று இருந்தது. உப்பு. செவ்வாய்க்கிழமை இதன் திருகாணிகளைக் கழற்றி, சுடுகாற்றுப் பிடித்து, ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட டப்பாவுக்குள் வைத்து மூடியவள் அவளேதான். ஈரம் பட்டால் அந்த மணிகள் இளஞ்சிவப்பாக மாறும். அவை நீலமாகவே இருந்தன. டப்பாவுக்குள் ஈரமே இல்லை என்று மணிகள் சொல்ல, செற் சொட்டிக்கொண்டிருந்தது.

செற் என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்வது கையில் பிடித்துப் பேசுகிற டிஜிட்டல் றேடியோவை. திருகோணமலை உள்துறைமுகத்தை அண்டிய பஹ்மியின் கடைதான் அவற்றை விற்பதும் திருத்துவதும். ஒவ்வொரு செற்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. யாராவது கூப்பிட்டால் குரலோடு அந்த இலக்கமும் மற்ற செற்றுகளின் திரையில் வந்து நிற்கும். இது முப்பத்தொன்று. சல்லி என்ற ஊரைச் சேர்ந்த கதிரவேலுடையது. நழுவிப் போகாமல் அவர் கட்டிய நீல நைலோன் கயிறு இன்னும் அதில் கிடந்தது, முடிச்சும் அவிழாமல்.

கதிரவேல்தான் இல்லை. பதினேழு நாளைக்கு முன் தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகும் இல்லை. போன கிழமை சாம்பல்தீவுக்காரரின் வலையில் இந்தச் செற் மட்டும் ஏறியது. அதை ஒரு சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தவள் அவருடைய மனைவி சிவபாக்கியம்.

"பிள்ளை, இது வேலை செய்ததோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லு," என்றாள் அவள். "பழுதாப் போயிருந்தா சரி. கடல் கொண்டு போட்டுது எண்டு மனத்தைத் தேத்திப்போடுவன். வேலை செய்திருந்தா அந்த மனுசன் கூப்பிட்டிருக்கும். கூப்பிட்டிருந்தா ஆரோ கேட்டிருப்பினம். அது ஆரெண்டு எனக்குத் தெரிய வேணும்."

"பாக்கிறன் அம்மா. உப்புத் தண்ணி பட்ட சாமான், ஒண்டும் உறுதியாச் சொல்லேலாது," என்றாள் நிருஜா. சொல்லும்போது அவள் செற்றைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

ஏனென்றால் கேட்டது யாரென்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் இந்த வேலைக்கு வந்தபோது, திருத்திய செற்றை எடுத்து "சோதனை, சோதனை" என்று சொன்னால் போதும், கடலில் நிற்கிற முப்பது படகும் வாய் திறக்கும். "ரீச்சர், சோதனையில நான் பாஸோ பெயிலோ?" என்பான் ஒருவன். "என்ர வீட்டில இருக்கிறதை விடப் பெரிய சோதனையோ?" என்பான் இன்னொருவன். நிருஜாவுக்குப் பகிடி பிடிக்காது. படித்து, சான்றிதழ் வாங்கி, ஆம்பிளைகள் மட்டும் நின்ற மேசையில் தன் இடத்தைப் பிடித்தவள். ஒரு நாள் கோபத்தோடு குந்தியிருந்து ஒரு சட்டம் எழுதினாள். அச்சடித்து எல்லாச் செற்றிலும் ஒட்டினாள், கடைச் சுவரிலும் பெரிதாக ஒட்டினாள்: "சோதனை என்று கேட்டால் ஒருவரும் பதில் கொடுக்க வேண்டாம்."

கடற்காரர் லேசில் ஒரு சொல்லுக்குக் கட்டுப்படமாட்டார்கள், கட்டுப்பட்டால் மாறமாட்டார்கள். ஒரு மாதத்தில் அடங்கினார்கள். கதிரவேல் மட்டும் கடைக்கு வரும்போதெல்லாம் சீண்டுவார். "உந்தச் சொல்லை விட்டிட்டு வேற ஒண்டைச் சொல்லு பிள்ளை. கூப்பிடக் கூப்பிட வாற சாமான் அது." ஆனால் அந்தச் சொல் இல்லாமல் அவருக்கே ஒரு நாள் போகாது. வலை கிழிந்தால் "என்ன சோதனையடா இது." மழை வந்தால் "ஆண்டவன்ர சோதனை." தேத்தண்ணிக்குச் சீனி குறைந்தாலும் அதேதான்.

பதினேழு நாளைக்கு முன், பின்னேரம் மூன்று மணிக்குச் சற்று முன், நிருஜா சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அலுமாரித் தட்டில் எப்போதும் திறந்தே கிடக்கும் கடை றேடியோ இரைந்தது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் "சோதனை" என்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் "சோதனை." மூன்றாம் தரம் இழுத்து, அழுகிற மாதிரி, "சோதனை." திரையில் முப்பத்தொன்று நின்றது. முப்பத்தொன்று அன்று அவளுடைய மேசையில் இல்லை. அது கடலில் இருந்தது. அவளைத் தவிர வேறு யாரும் செற்றைச் சோதிப்பதில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதிரவேல் ஐயா பகிடி விடுகிறார் என்று எரிச்சல்பட்டாள். வலது கையில் குழம்பு. இடது கையின் இரண்டு விரலால் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் அவர் கரை திரும்பவில்லை என்ற செய்தி வந்தது. பஹ்மி வெளியே போன நேரம் பார்த்து, கடை றேடியோவில் பதிவாகியிருந்த அழைப்புப் பட்டியலை, ஒரு வரியும் வாசிக்காமல், முழுவதுமாக அழித்தாள். மற்றப் படகுகளுக்கும் கேட்டிருக்கும். கேட்டு, அவளுடைய சட்டப்படி, பேசாமல் இருந்திருப்பார்கள். இனி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள், அது சரியாகவும் இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. அது கடலுக்கு அடியில் கிடக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள்.

இப்போது அது மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி. மழை காலையிலிருந்து தகரக் கூரையில் கல்லைக் கொட்டினாற்போல் கொட்டியது. பகலிலேயே கடைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. பஹ்மி தொப்பியைப் போட்டுக்கொண்டு குடையை எடுத்தார்.

"தங்கச்சி, நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாறன். அந்தச் செற்றை ஒருக்காப் பார்த்து வைங்க. திங்கக்கிழமை மீன்பிடிக் கந்தோரில இருந்து வந்து அதுக்குள்ள என்ன பதிஞ்சு இரிக்கி எண்டு பார்ப்பாங்களாம். சிவபாக்கியம் அக்காவும் இண்டைக்கு வாறன் எண்டவ."

"சரி நானா. ஐஸ் அறைக்குள்ள வைச்சுப் பாக்கிறன்."

அவர் போனதும் முன் கதவைப் பாதி சாத்தினாள். அவள் செய்யப் போவது சோதனை இல்லை. அந்தச் செற் ஏழரை வோல்ற்றில் வேலை செய்யும். அதற்கு முப்பது வோல்ற்றைக் கொடுத்தால் ஒரு நொடியில் உள்ளே எல்லாம் கருகும், பதிவும் சேர்ந்து போகும். உப்புத் தண்ணி, ஷோர்ட் ஆகிவிட்டது என்றால் முடிந்தது. சிவபாக்கியமும் பழுதான செற் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வாள். இது அவளுக்குச் செய்கிற புண்ணியம் என்றுகூட நிருஜா ஒரு கணம் நினைத்தாள். வெட்கமாக இருந்தது, ஆனால் நினைத்தாள்.

கடையின் பின்புறம் இருந்த ஐஸ் அறை, இந்த இடம் மீன் வாடியாக இருந்த காலத்தில் ஐஸ் கட்டி அடுக்கிவைத்தது. நாலு சுவரும் கூரையும் அலுமினியத் தகடு. தகட்டைத் தாண்டி எந்த அலையும் வராது, போகாது. றேடியோ சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. கதவு ஒரு சாண் தடிப்பு, உள்ளே தக்கை அடைத்தது. கதவில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி. தரையில் ஐஸ் உருகிய தண்ணீர் துறைமுகத்துக்கு ஓடுவதற்கு ஒரு துளை. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதும் அவளுடைய சட்டம்தான். பழக்கத்தில் போனை வெளி மேசையிலேயே வைத்தாள். "சோதனை நடக்கிறது, திறக்க வேண்டாம்" என்ற தாளைக் கண்ணாடியின் மேல் வெளிப்பக்கம் ஒட்டினாள். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கதவு மூடாமல் எப்போதும் வைக்கும் மரக்கட்டையை இன்று காலால் தள்ளிவிட்டாள். கதவு மெத்தென்று மூடியது. மழைச் சத்தம் நின்றது.

உள்ளே மின்குமிழ் ஒன்று எரிந்தது. அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்டது.

பதற்றத்திலும் கை பழகிய ஒழுங்கில் போனது. முதலில் பவர் சப்ளை. பிறகு முள் வைத்த மீட்டர். செற் பேசும்போது எவ்வளவு பலத்தோடு பேசுகிறது என்று அந்த முள் காட்டும். அதற்குப் பின்னால் டம்மி லோட் என்கிற கைமுட்டியளவு அலுமினியக் கட்டை. கூரை அன்ரெனாவுக்குப் பதிலாக அதைப் பூட்டினால் செற் கத்துவதை எல்லாம் அது விழுங்கிச் சூடாகும், ஒரு சொல்லும் வெளியே போகாது. பக்கத்தில் இருந்த சுவிச்சை ஒரு பக்கம் தள்ளினால் டம்மி லோட், மறுபக்கம் தள்ளினால் கூரை அன்ரெனா. அவள் டம்மி லோட் பக்கம் தள்ளினாள். தள்ளும்போது புறங்கை அந்தக் கட்டையில் பட்டது.

சுட்டது.

செற்றுக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை. பற்றரியும் இல்லை, அதைக் கழற்றி வெளியே வைத்திருந்தாள். கட்டையைத் திரும்பவும் தொட்டாள். நெடுநேரம் யாரோ நிறுத்தாமல் பேசிய சூடு. மீட்டரைப் பார்த்தாள். முள் பூச்சியத்தில் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல எழும்பி, துடித்து, விழுந்தது.

பழைய மீட்டர், ஈரக்குணம் என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தத் தகட்டு அறைக்குள் அவளுடைய குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. மணமும் மாறியிருந்தது. மக்கிய தக்கை மணம் போய், டீசலும் ஈரக் கயிறும் மென்று துப்பிய வெற்றிலையும் கலந்து, ஒரு ஆள் கிட்ட நின்றால் வருமே, அந்த மணம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க இடமில்லை; முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம்தான்.

சீக்கிரம் முடிப்போம். வயரைச் செற்றில் கவ்வவிட்டாள். வோல்ற் குமிழை முப்பதுவரை முறுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு சுவிச்சைப் போட்டாள்.

கருகல் மணம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மின்குமிழ் அணைந்திருந்தது. பவர் சப்ளை செத்துக் கிடந்தது. மழைக்குக் கரண்ட் போயிருந்தது. இருட்டில் ஒன்றே ஒன்று எரிந்தது. செற்றின் திரை.

அழைப்புப் பட்டியல் தானாகத் திறந்து நின்றது. 2.47, பதில் இல்லை. 2.49, பதில் இல்லை. 2.50, பதில் இல்லை. அவள் கேட்ட மூன்று. அதோடு முடியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கீழே வரிகள் ஓடின. 2.58. 3.06. 3.15. பதில் இல்லை. பதில் இல்லை. நாலு மணிக்கு அவள் தங்கச்சியோடு போனில் சட்டைத் துணியைப் பற்றிக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 4.02. 4.04. 4.05. ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டினாள். 5.11. 5.19. அதுதான் கடைசி. நாற்பத்தோராவது.

இரண்டரை மணித்தியாலம். ஒரு கிழவன் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் கூப்பிட்டிருக்கிறார். ஐயோ, நான் சத்தத்தைக் குறைத்தேனே. நிருஜா அழுதாள். பயத்தில் அழுதாளா, பாவத்தில் அழுதாளா, அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் கால் ஈரமானது.

தரைத் துளையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைக்க விரும்பினாள். ஆனால் மணம் கடல். கணுக்காலைத் தாண்டியது. கதவிடம் பாய்ந்து உட்பக்கத் தடியைத் தள்ளினாள். இத்தனை நாளும் ஒரு தள்ளில் திறக்கும் கதவு. தடி லேசாக, எதிலும் மாட்டாமல், உள்ளே போய் வந்தது. தோளால் இடித்தாள். கையால் குத்தினாள். தக்கை எல்லாவற்றையும் விழுங்கியது.

கண்ணாடியில் தாள் மூடாத ஒரு விளிம்பு இருந்தது. அதில் கண்ணை வைத்தாள். கடை தெரிந்தது. மங்கல் வெளிச்சத்தில், ஜும்மா முடிந்து வந்த பஹ்மி குடையை உதறி மூடிக்கொண்டிருந்தார்; அவ்வளவு நேரம் போனது அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் தலையில் சீலைத் தலைப்போடு சிவபாக்கியம். ஆக்கள் வந்துவிட்டார்கள். பத்தடி தூரம். நிருஜா கத்தினாள். தகரக் கூரையில் கொட்டும் மழைச் சத்தத்துக்குள் நின்ற அந்த இருவரும் திரும்பவில்லை.

செற். கூரை அன்ரெனா. கடை றேடியோவுக்குத் தனிப் பற்றரி இருக்கிறது.

தடவிப் பிடித்து சுவிச்சை மறுபக்கம் தள்ளினாள். செற்றை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். எந்தக் கரண்டில் வேலை செய்கிறது என்று கேட்க இப்போது அவளுக்கு நேரமில்லை.

"பஹ்மி நானா! நான் உள்ளுக்குள்ள! கதவு துறக்கேலாது!"

திரை வெளிச்சத்தில் மீட்டர் தெரிந்தது. முள் அசையவில்லை.

"நானா! தண்ணி வருது! கதவைத் துறவுங்கோ!"

பூச்சியம். ஒரு சொல்லும் போகவில்லை. தண்ணீர் முழங்காலில். வயரை இழுத்து இறுக்கினாள். பொத்தானை மாறி மாறி அழுத்தினாள். "அம்மா! சிவபாக்கியம் அம்மா! காப்பாத்துங்கோ!" பூச்சியம். கை விறைத்தது. செற் நழுவப் பார்த்தது. நீலக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். பொத்தானில் விரல் இருந்தபடியே அவள் தன்னை மறந்து புலம்பினாள்.

"கடவுளே, என்ன சோதனை இது..."

முள் துள்ளியது.

ஒரே ஒரு சொல்லுக்கு. முழு அளவுக்கு எழும்பி, அந்தச் சொல் முடிய விழுந்தது.

விளிம்பில் கண்ணை வைத்தாள். பஹ்மி தலையைத் தூக்கி அலுமாரித் தட்டைப் பார்த்தார். கேட்டுவிட்டது! சிவபாக்கியமும் கதிரையிலிருந்து பாதி எழும்பினாள். றேடியோவைக் காட்டி என்னவோ கேட்டாள். பஹ்மி சிரித்தார். இல்லை என்று தலையாட்டினார். சுவரிலிருந்த சட்டத்தைச் சுட்டி, வாசிக்கத் தெரியாதவளுக்கு வாசித்துக் காட்டுவதுபோல், விரலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் நகர்த்தினார். பிறகு ஐஸ் அறைக் கதவைக் காட்டினார். அதில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

இல்லை. இல்லை நானா. பதில் குடுங்கோ.

முள் அசையவில்லை.

தண்ணீர் இடுப்பில். செற்றுக்குள்ளிருந்து இரைச்சல் வந்தது. இரைச்சலுக்கு நடுவில் யாரோ வாய்க்குள் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுப் பேசினார், அவளுடைய காதுக்குக் கிட்ட, பொறுமையாக.

"வேற ஒண்டைச் சொல்லு பிள்ளை."

அவள் சொன்னாள். கதவு என்று சொன்னாள். உயிர் என்று சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். கேட்டது நான்தான், நான்தான் கேட்டேன் என்று சிவபாக்கியத்துக்குச் சொன்னாள். பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.

நெஞ்சு வரை வந்தபோது அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அதையே கத்தினாள். முள் துள்ளித் துள்ளி விழுந்தது.

வெளியே பஹ்மி சோற்றுப் பார்சலைப் பிரித்திருந்தார். றேடியோ விடாமல் ஒரே சொல்லைக் கத்துவது அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். வலது கையில் குழம்பு. இடது கையின் இரண்டு விரலால் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

திரையில் நாற்பத்திரண்டாவது வரி விழுந்தது. பதில் இல்லை.

சிவபாக்கியம் கதிரையில் ஒழுங்காக உட்கார்ந்து, ஈரச் சீலைத் தலைப்பைப் பிழிந்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டு, ஐஸ் அறைக் கதவையே பார்த்தபடி, சோதனை முடியட்டும் என்று காத்திருந்தாள்.